20 போதுமா, 40 வேண்டுமா? செம்பரம்பாக்கத்து வாசலுக்கு ஒரு கல் கணக்கு

இரண்டடிக்கு இரண்டடி கிரானைட் பலகையில் ஒரு வசதி உண்டு. அதன் தடிமன் எத்தனை மில்லிமீட்டரோ, எடையும் ஏறக்குறைய அத்தனை கிலோ. ஒரு கன மீட்டர் கிரானைட் சுமார் 2,700 கிலோ. நான்கு சதுர அடி என்பது 0.37 சதுர மீட்டர், பெருக்கிப் பாருங்கள். 20 மி.மீ. பலகை 20 கிலோ, 40 மி.மீ. பலகை 40 கிலோ. மூன்றடிக்கு இரண்டடிப் பலகை என்றால் மில்லிமீட்டருக்கு ஒன்றரைக் கிலோ. கடையில் '20' என்று எழுதி வைத்த பலகையைத் தராசில் ஏற்றி அது 17 காட்டினால், உங்களுக்கு வருவது 17 மி.மீ. கல்தான்.

மூன்று மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். கல்லின் அளவில் போவது 15 சதவீதம். வலிமையில் போவது 28 சதவீதம். வளைந்து முறிவதைத் தாங்கும் திறன் தடிமனின் வர்க்கத்தோடு ஏறி இறங்குவதே காரணம். 17 × 17 = 289; 20 × 20 = 400. தடிமனைப் பற்றிய எல்லா வாக்குவாதமும் கடைசியில் இந்தப் பெருக்கலில் வந்து நிற்கும்.

இனி வரும் கணக்கு முழுவதும் ஒரே வாசலுக்கு. பூந்தமல்லி தாண்டி நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், திருமழிசைப் பக்கம் எழுந்திருக்கும் தனிவீடுகளின் முன்வாசல்: சாலையோரமாக 20 அடி, கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை 15 அடி, ஆக 300 சதுர அடி. ஒரு கார், ஒரு ஸ்கூட்டர், அடியில் தண்ணீர்ச் சம்ப், காலையில் கோலம், மாலையில் நாற்காலி. மீட்டர் கணக்கில் 27.87 சதுர மீட்டர். உங்கள் வாசல் 450 சதுர அடியென்றால் எல்லாவற்றையும் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்த வாசலில் 10 மி.மீ. கனத்துக்குக் கல் விரித்தால் அது சுமார் 750 கிலோ. குட்டியானை வண்டி ஏற்றக்கூடியதும் ஏறக்குறைய அவ்வளவுதான். எனவே 20 மி.மீ. என்றால் இரண்டு நடை, 30 என்றால் மூன்று, 40 என்றால் நான்கு, 50 என்றால் ஐந்து. உடைசலுக்கும் வெட்டுத்துண்டுக்கும் எட்டு சதவீதம் கூடுதலாக வாங்குவோம், அதையும் சேர்த்து ஏற்றச் சொன்னால் ஓட்டுநர் முகம் சுளிப்பார். அது நியாயமான முகச்சுளிப்பு.

கல் எங்கிருந்து வருகிறது? சாம்பல் கிரானைட் பெரும்பாலும் கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு வட்டாரத்திலிருந்து. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர் ஓடி, செம்பரம்பாக்கத்தைத் தொட்டுக்கொண்டுதான் வண்டி சென்னைக்குள் நுழைகிறது. கடப்பா கல் வடக்கே ஆந்திரத்தின் எர்ரகுண்ட்லா, பேதஞ்செர்லா பக்கத்துச் சுண்ணாம்புப் பாறை. தாண்டூர் கல் தெலங்கானாவிலிருந்து, கோட்டா கல் ராஜஸ்தானிலிருந்து. நம் கைக்கெட்டும் தூரத்தில் பல்லாவரம், பரங்கிமலைப் பாறை இருக்கிறது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைதான், அவர் பெயரை வைத்துத்தான் புவியியலாளர் ஹாலண்ட் இதற்குச் சார்னகைட் என்று பெயரிட்டார். இன்று நமக்கு அந்த இனத்துப் பாறை வந்து சேர்வது பெரும்பாலும் ஜல்லியாக.

இனி வலிமை. வெளித்தளக் கல்லுக்கு ஐரோப்பியத் தரம் ஈ.என். 1341 ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. கல்லின் வளைவு வலிமை, அகலம், தடிமனின் வர்க்கம் மூன்றையும் பெருக்கி, 1500, நீளம், பாதுகாப்புக் காரணி மூன்றாலும் வகுத்தால் பலகை தாங்கும் சுமை கிலோ நியூட்டனில் கிடைக்கும். கிரானைட்டுக்கு அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். சி 615 கேட்கும் குறைந்தபட்ச முறிவு வலிமை 10.34 மெகாபாஸ்கல். நான் 10 என்றே எடுத்துக்கொண்டேன். பாதுகாப்புக் காரணி 1.6. இரண்டடிச் சதுரப் பலகை இரு விளிம்பில் மட்டும் தாங்கி நிற்க, நடுவில் சுமை விழுந்தால், கிலோவில் கணக்கு இப்படி வருகிறது:

16 மி.மீ. – 109 கிலோ
20 மி.மீ. – 170 கிலோ
25 மி.மீ. – 265 கிலோ
30 மி.மீ. – 382 கிலோ
40 மி.மீ. – 680 கிலோ
50 மி.மீ. – 1,062 கிலோ

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வாசலுக்கு வரும் சுமையை எழுதுவோம். ஆள் நடப்பது 80 கிலோ. ஸ்கூட்டர் 110 கிலோ, மேலே இருவர் 140 கிலோ. பின்சக்கரத்தில் அறுபது சதவீதம் இறங்கினால் 150 கிலோ. 1,300 கிலோ காரில் குடும்பத்தோடு 250 கிலோ ஏறினால் ஒரு சக்கரத்துக்கு 390 கிலோ. ஆக 16 மி.மீ. கல் ஆளை மட்டும் தாங்கும். 20 ஸ்கூட்டருக்கு விளிம்பில் நிற்கிறது. 30 மி.மீ. கார்ச் சக்கரத்துக்கு எட்டுக் கிலோ குறைவாக நின்றுவிடுகிறது. 40 தாராளமாகத் தாங்குகிறது. அதே ஐரோப்பியத் தரம் நடைபாதைக்கும் தோட்டத்துக்கும் 3.5 கிலோ நியூட்டன், அதாவது 357 கிலோ கேட்கிறது. எப்போதாவது கார் ஏறும் இடத்துக்கும் கராஜ் வாயிலுக்கும் 6.0, அதாவது 612 கிலோ. கிரானைட்டில் முதலாவதுக்கு 30, இரண்டாவதுக்கு 40.

கடப்பா, தாண்டூர் போன்ற சுண்ணாம்புக் கல்லுக்கு இந்தப் பட்டியல் செல்லாது. அடர்த்தியான சுண்ணாம்புக் கல்லுக்கு அமெரிக்கத் தரம் கேட்கும் குறைந்த அளவு 6.9 மெகாபாஸ்கல். நல்ல கல் இதைத் தாண்டும். ஆனால் வாசலில் இறங்கும் சுமையில் எது நல்லது என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. மேலே உள்ள ஒவ்வொரு எண்ணிலும் பத்தில் ஏழை எடுத்துக்கொள்ளுங்கள். 40 மி.மீ. கடப்பா 476 கிலோ, 50 மி.மீ. 743 கிலோ. காருக்கு ஐரோப்பியக் கணக்குப்படி 50 வேண்டும். ஒரு அங்குலக் கடப்பா மேல் காரை நிறுத்திவிட்டு, இரண்டு மழைக்குப் பிறகு கல் சரியில்லை என்று சொல்வதில் நியாயம் இல்லை.

பலகையின் நீளமும் சேர்ந்தே பேச வேண்டிய விஷயம். மூன்றடிக்கு இரண்டடிப் பலகை பார்க்க அழகு, இணைப்பும் குறைவு. ஆனால் சுமை தாங்குவதில் சதுரப் பலகையின் மூன்றில் இரண்டு பங்குதான்: 40 மி.மீ.யில் 680 கிலோவாக இருந்தது 453 ஆகிறது. கார் நிற்கும் இடத்தில் நீளப் பலகை வேண்டுமென்றால் 50க்குப் போக வேண்டும், அப்போது பலகை ஒன்று 75 கிலோ. அதைத் தூக்கி மட்டம் பார்த்து இறக்க இருவர் போதாது.

இதுவரை சொன்னதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கல் இரு விளிம்பில் மட்டும் தாங்கி, நடுவில் வெறுமையாக நிற்கிறது என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. நம் ஊரில் பல வாசல்களில் நடப்பதும் அதுதான். நான்கு மூலையில் நான்கு உருண்டைக் கலவை, நடுவில் ஒன்று, மேலே கல், ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு, ரசமட்டம் சரியாகிவிட்டது, அடுத்த கல். கீழே வெற்றிடம். தட்டிப் பார்த்தால் 'டொக்' என்று கேட்கும். கலவையை முழுப் பரப்பிலும் விரித்து, கல்லின் அடியில் சிமென்ட் பால் பூசி இறக்கினால், எங்கேனும் ஆறு அங்குலம் விட்டுப்போனாலும் பலகையின் தாங்குநீளம் இரண்டடியிலிருந்து அரையடியாகக் குறைகிறது. சூத்திரப்படி தாங்கும் சுமை நான்கு மடங்காகும். அதாவது, முழுக்கலவையில் உட்கார்ந்த 20 மி.மீ. கல்லும் உருண்டைக் கலவையில் நிற்கும் 40 மி.மீ. கல்லும் கணக்கில் சமம்: இரண்டும் 680 கிலோ. பிரிட்டனில் வீட்டு முற்றங்களுக்கு நம் ராஜஸ்தான் மணற்கல்லை 22 மி.மீ.யில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்: கல் ஒரே தடிமனுக்கு இழைக்கப்பட்டிருக்கும், கலவை முழுப்பரப்பில் இருக்கும், மேலே நடப்பது மனிதர்கள்.

கலவைக்கும் கீழே மண் இருக்கிறது. செம்பரம்பாக்கத்தில் அதை விட்டுவிட்டுப் பேச முடியாது. 24 அடி ஆழத்தில் 3,645 மில்லியன் கன அடி நீர் நிற்கும் ஏரிக்கு அருகே வீடு. ஏரிப்பாசன நிலங்களாக இருந்த மனைகளில் களிமண் கலந்த மண் பரவலாக உண்டு. மே மாதம் சுருங்கி வெடிக்கும், ஐப்பசியில் ஊறி உப்பும். இதில் மனை மேடாக்க இடிபாட்டு ரப்பிஷ் கொட்டியிருந்தால் சில ஆண்டுகள் அது அமுங்கிக்கொண்டே இருக்கும். அந்த அசைவை எந்தத் தடிமன் கல்லும் தடுக்காது. ஒன்றரை அடி குழி தோண்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பக்கத்து மனையின் மண் உங்கள் மனையின் மண்ணாக இருக்க வேண்டியதில்லை.

களிமண் என்றால் கீழே ஆறு அங்குலம் கிராவல், தண்ணீர் விட்டு இரண்டு அடுக்காக இறுக்கியது. 300 சதுர அடிக்கு இறுகிய அளவு 148 கன அடி. கொட்டும்போது 185 கன அடி வாங்க வேண்டும், இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அதன் மேல் நான்கு அங்குலம் 1:4:8 கான்கிரீட்: 98 கன அடி, அதற்குச் சிமென்ட் ஒன்பதரை மூட்டை, எம்-சாண்ட் 46 கன அடி, 40 மி.மீ. ஜல்லி 92 கன அடி. அதற்கு மேல் 40 மி.மீ. கலவை, 1:6: சிமென்ட் ஐந்தரை மூட்டைக்குச் சற்று மேல், எம்-சாண்ட் 42 கன அடி. கடைசியாகக் கல். 40 மி.மீ. கல்லோடு மொத்த உயரம் 330 மி.மீ., 13 அங்குலம். தோண்டாமல் மேலேயே ஏற்றினால் வாசற்படியில் இரண்டு படி காணாமல் போகும், மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வழி கேட்கும்.

மழைத்தண்ணீர் என்றதும் இந்த ஊரில் நினைவுக்கு வருவது 2015தான். அந்த ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் பதிவானது 47 செ.மீ. அது நம் 300 சதுர அடியில் மட்டும் 13,100 லிட்டர். ஒரு பெரிய தண்ணீர் லாரிக்கும் மேல். கல் பரப்பினால் இதில் பெரும்பகுதி மண்ணில் இறங்காது, எங்காவது ஓட வேண்டும். எண்பதுக்கு ஒன்று வாட்டம் வைத்தால் 15 அடியில் இரண்டேகால் அங்குலச் சரிவு. சரிவைக் கலவையில் கொண்டுவரக் கூடாது, கான்கிரீட்டிலேயே கொண்டுவர வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு முனையில் கலவை அரை அங்குலம், மறுமுனையில் மூன்று அங்குலம் என்று ஆகிவிடும். சரிவின் முடிவில் மழைநீர்ச் சேகரிப்புக் குழி இருந்தால் நல்லது.

சம்ப் உள்ள வாசலில் இன்னொரு தொல்லை. சம்பின் கான்கிரீட் மூடி இறங்காது. சுற்றியுள்ள மண் இறங்கும். இரண்டின் மேலும் ஒரே பலகை படுத்திருந்தால் சம்பின் விளிம்பை நூல் பிடித்தாற்போல விரிசல் விழும், அது 20 ஆனாலும் 50 ஆனாலும். சம்பின் ஓரத்துக்கு நேராகக் கல்லின் இணைப்பு வரும்படி வெட்டிப் பொருத்தச் சொல்லுங்கள். பலகைகளை முட்ட முட்ட வைப்பதும் வேண்டாம்: வெயிலில் 30 டிகிரி ஏறினால் 20 அடிக் கிரானைட் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். மூன்று மில்லிமீட்டர் இணைப்பு போதும்.

இப்போது ரூபாய். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட முழு எண்கள்; சந்தை விலை மாதத்துக்கு மாதம் மாறும், உங்கள் கடைக்காரர் சொல்வதை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சுட்டுச் சொரசொரப்பாக்கிய சாம்பல் கிரானைட் சதுர அடி 20 மி.மீ.க்கு 90, 30க்கு 125, 40க்கு 160, 50க்கு 195 ரூபாய். சிமென்ட் மூட்டை 400. எம்-சாண்ட் கன அடி 65, ஜல்லி 45, கிராவல் 30. குட்டியானை ஒரு நடை, ஏற்றி இறக்கி 1,500.

கல்லுக்குக் கீழே: தோண்டி மண் அகற்றி இறுக்க 8,000, கிராவல் 5,550, கான்கிரீட் பொருளும் கூலியும் 16,930, கலவை 4,970. கூட்டினால் 35,450. கல் பரப்பும் கூலி சதுர அடிக்கு 45 வீதம் 13,500. இந்த 48,950 எந்தத் தடிமனுக்கும் பொது. அதோடு 324 சதுர அடிக் கல்லும் வண்டி வாடகையும் சேர்ந்தால்:

20 மி.மீ. – 81,110 ரூபாய்
30 மி.மீ. – 93,950 ரூபாய்
40 மி.மீ. – 1,06,790 ரூபாய்
50 மி.மீ. – 1,19,630 ரூபாய்

ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் 12,840. செலவு நேர்கோட்டில் ஏறுகிறது, வலிமை வர்க்கமாக ஏறுகிறது. 20லிருந்து 40க்குப் போனால் செலவு 32 சதவீதம் கூடும். வலிமை நான்கு மடங்காகும். இதை மட்டும் பார்த்தால் எல்லோரும் 40 வாங்க வேண்டும்.

ஆனால் கட்டடவேலையில் பணம் வேறொரு பக்கமாக இழுக்கும். கிராவலும் கான்கிரீட்டும் வேண்டாம், நல்ல தடிமன் கல்லாகப் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அப்படிச் செய்தால் 40 மி.மீ. வாசல் 76,310க்கு முடிந்துவிடும். அடித்தளம் முழுதும் போட்ட 20 மி.மீ. வாசலைவிட 4,800 ரூபாய் குறைவு. மேலே பார்க்க இரண்டாவதைவிட முதலாவதுதான் கம்பீரமாக இருக்கும். இந்த ஊர் மண்ணில் நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். மண் இறங்கும்போது 40 கிலோப் பலகை உடையாமல் முழுசாகச் சாய்ந்து நிற்கும், அதன் விளிம்பு கால்விரலைத் தடுக்கும். எடுத்து மறுபடி பரப்பும் செலவு அப்படியே காத்திருக்கும்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய வழி இருக்கிறது, ஏனோ கேட்பவர் குறைவு. கார் கேட்டிலிருந்து நேராக உள்ளே வந்து நிற்குமானால், சக்கரம் உருளும் இரண்டு தடம் மட்டும் 40 மி.மீ. போதும். காரின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே சுமார் ஐந்தடி. தடம் ஒவ்வொன்றும் இரண்டடி அகலம், 15 அடி நீளம். இரண்டுக்கும் சேர்த்து 60 சதுர அடி, பதினைந்து பலகை. மீதி 240 சதுர அடிக்கு 20 மி.மீ. தடத்தின் கீழே கான்கிரீட்டை 20 மி.மீ. தாழ்த்தி வார்த்தால் மேல்மட்டம் ஒன்றாக வந்துவிடும். கல் 33,696, மூன்று நடை வண்டி 4,500, மற்றது 48,950: மொத்தம் 87,146 ரூபாய். முழுக்க 20 போட்டதைவிட 6,036 கூடுதல்; முழுக்க 40 போட்டதைவிட 19,644 குறைவு. ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போடும் மூலை மனதை உறுத்தினால் மீதிப்பகுதியை 30 ஆக்குங்கள், 97,718 ஆகும். கேட் குறுகலாகி, கார் உள்ளே வந்து வளைந்து நிற்க வேண்டிய வாசலுக்கு இந்த யோசனை உதவாது. அங்கே முழுக்க 40தான்.

கடப்பாவைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. அது படிவுப் பாறை, அடுக்கடுக்காகப் பிளந்து எடுப்பது. ஒரே சுமையில் ஒரு கல் 22 மி.மீ., அடுத்தது 32 மி.மீ. என்று வருவது சாதாரணம். குறையும் இடத்தைக் கலவைதான் நிரப்பும்: கலவையில் 10 மி.மீ. கூடினால் இந்த வாசலுக்குச் சிமென்ட் 1.4 மூட்டை, எம்-சாண்ட் பத்தரை கன அடி கூடும், சுமார் 1,240 ரூபாய். கல் விலையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு இங்கே போகிறது. வலிமையைக் கணக்கிடும்போது சராசரித் தடிமனை எடுக்காதீர்கள். இருப்பதில் மெல்லியதை எடுங்கள், முதலில் உடைவது அதுதான். கறை போக ஆசிட் ஊற்றும் பழக்கம் உள்ள வீட்டுக்குக் கடப்பா வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புக் கல்லை ஆசிட் தின்றுவிடும்.

கிரானைட்டிலும் வெளிவாசலுக்குப் பாலிஷ் போட்டது கூடாது, முதல் தூறலிலேயே வழுக்கும். சுட்டுச் சொரசொரப்பாக்கியது அல்லது கொத்தியது வாங்குங்கள். சுடும்போது மேற்பரப்பு ஓரிரு மில்லிமீட்டர் உதிரும். 20க்குக் குறைந்த கல் அந்தச் சூட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் காணக்கூடும். உள்வீட்டுத் தரைக்கு வாங்கி மிஞ்சிய 16 மி.மீ. பலகையைச் சுட்டு வாசலில் போட்டுத் தீர்ப்பதும் அதே காரணத்தால் வீண்.

கடைசியாகத் தண்ணீர் லாரி. கோடையில் அது கேட்டுக்கு உள்ளே வந்து சம்பில் நிரப்ப வேண்டும் என்றால் மேலே சொன்ன எந்த எண்ணும் உதவாது. இரண்டு அச்சு லாரியின் பின்அச்சுக்குச் சட்டம் அனுமதிக்கும் சுமை 11.5 டன், ஒரு பக்கச் சக்கரங்களில் 5,750 கிலோ. 50 மி.மீ. கிரானைட்டின் கணக்கு 1,062 கிலோ. லாரி வெளியே நிற்கட்டும், குழாய் உள்ளே வரட்டும். அது முடியாதென்றால் கல்லை மறந்துவிட்டு, ஐ.எஸ். 15658 நடுத்தரப் போக்குவரத்துக்குச் சொல்லும் 80 மி.மீ. எம்-40 பேவர் பிளாக்கை இறுக்கிய அடித்தளத்தின் மேல் போடுங்கள். சம்ப் மூடியின் மேல் மட்டும் லாரியை எந்தத் தளத்திலும் ஏற்றாதீர்கள்.